பாதிக்கு முடிந்த ஏலம்

ஆர்லோ குனிந்து, சவப்பெட்டியில் படுத்திருந்த மனைவியின் சட்டைக் காலரை விலக்கி, கழுத்தின் இடது பக்கத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். மேலும் கீழுமாக ஒரு முறை, குறுக்கே ஒரு முறை. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.

“அப்பா, இப்பவுமா?” என்றாள் பின்னால் நின்ற மகள் ஜனெல்.

“பழக்கதோஷம்மா” என்று காலரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

பதினெட்டு வருஷப் பழக்கம். தினமும் காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் லவோனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவார். அவளும் மறுக்காமல் தலையைச் சாய்த்துக் காட்டுவாள். “என்ன டாக்டரய்யா, இன்னிக்கு நான் உயிரோட இருக்கலாமா?” என்று கேலி வேறு. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் கேட்டாள். அவர் “இருந்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனார். திரும்பி வந்தபோது அவள் மேஜையில் தலைசாய்த்திருந்தாள். கோப்பையில் காப்பி பாதிகூடக் குறையவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்ததும் ஆர்லோ கேட்ட முதல் கேள்வி, “கழுத்தா?” என்பதுதான்.

டாக்டருக்குப் புரியவில்லை. “இல்லீங்க, இதயம். கழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“இந்த வசந்தத்துல எடுத்த ஸ்கேன் இங்கயே இருக்கு. மிச்சமிருந்த பாதி சுத்தமா இருந்திருக்கு.”

தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது ஆர்லோவுக்கு. பெண்டாட்டி உள்ளே செத்துக் கிடக்கிறாள், எனக்கு நிம்மதி வருகிறது, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். திட்டியதில் அது ஒன்றும் குறைந்துவிடவில்லை.

லவோன் மாட்டு ஏலக்காரி. தெற்கு டகோட்டாவின் அந்த மூலையில் வியாழக்கிழமை தோறும் ஏலக்கொட்டகையில் அவள் குரல்தான். மூச்சு விடாமல் அவள் விலை ஏற்றுகிற வேகத்தில், வாங்க வராதவன்கூடக் கையைத் தூக்கிவிடுவான். அப்படிப்பட்ட தொண்டையில்தான் புற்று வந்தது. தைராய்டு சுரப்பியின் வலப் பாதியில், திராட்சை அளவுக்கு ஒரு கட்டி. வேறெங்கும் பரவவில்லை.

நகரத்து டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். “முழுசா எடுத்துட்டா பின்னாடி கண்காணிக்கிறது சுலபம். ஆனா ஆயுசுக்கும் தினம் மாத்திரை. குரல் நரம்பு ரெண்டு பக்கமும் அந்தச் சுரப்பிய ஒட்டித்தான் போகுது. முழுசுன்னா ரெண்டு நரம்புக்குப் பக்கத்துலயும் கத்தி போகணும். பாதின்னா ஒரு பக்கத்தோட போச்சு. ஆனா மிச்சப் பாதிய விடாமப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஏதாவது தெரிஞ்சா மறுபடி வெட்டணும். உங்க கட்டிக்கு ரெண்டுமே சரிதான். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க.”

ரெண்டுமே சரி என்று சொன்னாரே, அதுதான் வினையாகப் போயிற்று. ஒன்று தப்பு என்று சொல்லியிருந்தால் வீட்டில் சண்டையே இருந்திருக்காது.

“முழுசா எடுத்துத் தொலை. களையப் பாதி பிடுங்கிட்டு எவனாவது வீட்டுக்கு வருவானா?” என்பார் ஆர்லோ.

“என் தொண்டை என்ன உன் சோளக்காடா?” என்பாள் லவோன்.

ஒரு வாரம் இதே பாட்டுத்தான். ஒருநாள் மத்தியானம் அவள் அடுப்பில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவள் மரக்கரண்டியை உயர்த்தினாள்.

“வாங்கய்யா வாங்க! ஒரு கழுத்து, அம்பத்தாறு வருஷம் ஓடுனது, ஒரே ஓனர்! பாதிக்கு யாரு, பாதிக்கு யாரு, பாதி பாதி பாதி, கேளுங்கய்யா பாதி...”

ஆர்லோவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வலது காதுக்குப் பின்னால் அரித்தது. சொறிந்தார்.

“பாதி! பச்சைச் சட்டைக்காரர் பாதி கேட்டுட்டாரு! முழுசுக்கு யாரு, முழுசு முழுசு... யாருமில்லையா? ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” கரண்டி மேஜையில் டொக்கென்று விழுந்தது.

“ஏய், காது அரிச்சுதுடி!”

“அடிச்சாச்சு ஆர்லோ. அடிச்சா அடிச்சதுதான்.”

அந்த வீட்டில் கேட்ட ஏலத்திலிருந்து யாரும் பின்வாங்கியது கிடையாது. ஒரு தடவை கொட்டகையில் ஈயை ஓட்டப்போய், ஒற்றைக்கண் ஆட்டுக்கடாவை வீட்டுக்கு ஓட்டிவந்தவர்தான் ஆர்லோ. அதற்கும் முணுமுணுக்காமல் பணம் கட்டினார். எனவே பாதிதான் என்று ஆயிற்று. அறுவை முடிந்த கொஞ்ச நாளிலேயே லவோன் மறுபடி மேடை ஏறினாள். குரலில் ஒரு கீறல் இல்லை. மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. ஊரே மறந்துவிட்டது.

ஆர்லோ மறக்கவில்லை. மிச்சப் பாதியில் அது திரும்பி வந்தால் அதைக் கூப்பிட்டுவந்தது இந்தக் கைதான் என்று ஒரு பயம் அவருக்குள் குடியேறிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அதற்கப்புறம் லவோன் எங்கே ஏலம் விட்டாலும் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

கல்லறையில் மண் போட்டு முடிந்ததும், தேவாலயத்துச் சாப்பாட்டுக்குப் போக, மைத்துனன் மெர்லுடைய பழைய வண்டியில் ஆர்லோ ஏறிக்கொண்டார். மெர்ல் லவோனின் தம்பி. கொட்டகையில் கூட்டத்துக்கு நடுவே நின்று, யார் கை அசைந்தது என்று அக்காவுக்குக் கத்திச் சொல்கிற வேலை அவனுக்கு.

“மாப்ள, கழுத்துல ஒண்ணும் இல்லையாம்” என்றார் ஆர்லோ.

“தெரியும் மச்சான். செத்த அன்னியிலேருந்து எல்லார்கிட்டயும் அதையேதான சொல்லிக்கிட்டிருக்கீங்க.”

“நான் கேட்ட ஏலம்டா அது. அந்தப் பாதி.” அவர் குரல் உடைந்தது. “காது அரிச்சதுக்கு ஒரு உயிரு போயிருமோன்னு பதினெட்டு வருஷமா...”

மெர்ல் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“அக்கா உங்ககிட்டச் சொல்லவே இல்லையா?”

“எதை?”

“நீங்க காதச் சொறிஞ்சதுக்கு மொதநாளே அது டாக்டருக்கு போன் பண்ணிருச்சு மச்சான். ஏலம் முடிஞ்சு வர்றப்ப, இதே வண்டியில, நீங்க உக்காந்திருக்கிற இடத்துலயே உக்காந்துக்கிட்டு. பாதி போதும், தேதி குறிங்கன்னு சொல்லுச்சு. நான் கேட்டுக்கிட்டுத்தான் ஓட்டுனேன்.”

ஆர்லோ அவன் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் சொறியாம இருந்திருந்தா?”

“தும்மியிருப்பீங்க, மூக்கத் தொட்டிருப்பீங்க. நீங்க அசையுற வரைக்கும் அது விட்டிருக்காது. தூணப் பாத்து விலை ஏத்துறவங்களக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது, தெரியுமில்ல? ஆளே இல்லாம ஏலம் விடுறது திருட்டுன்னு சொல்லும். ஆயுசுல ஒரே ஒரு தடவதான் அந்தத் திருட்டப் பண்ணுச்சு. அந்தத் தூண் நீங்க.”

“ஏன்டா, எனக்கு ஒரு வார்த்தை...”

“நான் முடிவு பண்ணேன்னா ஆர்லோ கடைசிவரைக்கும் சண்ட போடுவான், அவனே கேட்டதுன்னா வாய மூடிக்கிட்டுக் கூட நிப்பான்னு சொல்லுச்சு. எப்பவோ உங்ககிட்டச் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கும்னு நான் நெனச்சேன். நீங்க இப்பிடிப் புழுங்குறீங்கன்னு அதுக்குத் தெரியாது மச்சான். தெனம் கழுத்தத் தொடுறது ஆசையிலன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்துச்சு.”

“ஆசையிலயும்தான்டா” என்றார் ஆர்லோ.

பிறகு, “திருட்டுக் கழுத” என்றார். அன்றைக்கு மண்ணுக்குள் போன மனைவியைத் திட்டிவிட்டு, கண்ணில் நீர் வழிகிறவரைக்கும் சிரித்தார். கோபம் இல்லாமல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்தான். ஆனால் அந்தக் கோபத்தைவிடப் பெரிதாக, வெகு காலத்துக்குப் பிறகு, நெஞ்சு முழுக்க மூச்சு போய்வந்தது. மெர்ல் கைக்குட்டையை நீட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும், பாலில் வெந்த உருளைக்கிழங்கும், தண்ணீர்க் காப்பியும் இருந்தன. அந்த ஊரில் யார் வீட்டுச் சாவுச் சாப்பாடாக இருந்தாலும், கடைசியில் மிஞ்சுகிற கேக்கை ஊர்த் தீயணைப்புக் குழுவுக்காக ஏலம் விடுவது வழக்கம். லவோன்தான் விடுவாள். இன்றைக்கு எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மெர்ல் எழுந்து எலுமிச்சைக் கேக் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான்.

“பத்துக்கு யாரு, பத்து பத்து...” அக்காவின் வேகம் அவனுக்கு வரவில்லை. இரண்டு இடத்தில் விலையைத் தவறவிட்டான். கூட்டம் பொறுத்துக்கொண்டது. விலை முப்பது டாலரில் வந்து நின்றது. “நாப்பதுக்கு யாரு? நாப்பது... முப்பது ஒரு தரம், ரெண்டு தரம்...”

ஆர்லோ வழக்கம்போலக் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தார். வலது கையை மெல்ல வெளியே எடுத்தார். எல்லாரும் பார்க்க, அவசரமே இல்லாமல், காதுக்குப் பின்னால் சொறிந்தார்.

மெர்ல் கேக்கோடு அப்படியே நின்றான். “மச்சான், அது ஏலமா, அரிப்பா?”

“ஏலம்தான்டா. அடி.”

அடித்தான். அவ்வளவு நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த கூட்டம் கைதட்டியது.

ஜனெல் கத்தியும் அட்டைப்பெட்டியுமாக வந்தாள். “முழுசையும் வீட்டுக்குக் கட்டிரட்டுமாப்பா?”

“பாதி போதும்மா.”

அவள் கேக்கின் நடுவில் கத்தியை வைத்தாள். ஆர்லோ மறுபடியும் காதைச் சொறிந்துகொண்டார். இந்தத் தடவை நிஜமாகவே அரித்தது.