கவுண்டர் காலியான நேரம்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு டிஜே வேலை எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே நம் ஆள் ஓய்ந்துபோய்விட்டான். வயது நாற்பத்திரண்டு. சின்ன வயதில் வாய் மூடாமல் பாடிக்கொண்டே திரிந்ததால் வீட்டில் ரேடியோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் ஸ்குரூ டிரைவரும் கையுமாக வீடு வீடாக அலைவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மாலை நாலிலிருந்து எட்டு வரை, ஒரு பாரில் பாட்டு போட அவனுக்கு வாய்ப்பு கிடைத்திருந்தது.

மூன்று ஞாயிறுதான் கெடு. மூன்றாவது ஞாயிறு முதலாளியே வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சுவரில் பழையபடி டிவி ஓடும்.

வாய்ப்பு ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ரேடியோவின் தங்கச்சி அந்த பாரின் கவுண்டரில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறாள். "எங்கண்ணன் பிரமாதமா பண்ணுவாரு சார், நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்தவள் அவள்தான். "சொதப்பினா உன்னத்தான் கேப்பேன்" என்று அவர் பதிலுக்குச் சொன்னதை மட்டும் அண்ணனிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டாள்.

முதல் ஞாயிறு ரேடியோ ஜமாய்த்துவிட்டான். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பட்டியலை ஒரு வரி மாற்றாமல் போட்டான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் கண்ணை நட்டு, தலையை மட்டும் பெரிய மனுஷன்போல ஆட்டிக்கொண்டிருந்தான். எப்போதாவது நிமிர்ந்தால் முன்னால் ஐந்து பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். போதாதா? வீட்டுக்குப் போய் மனைவியிடம் அளந்தான் பாருங்கள், அப்பப்பா! "ஜனங்களோட நாடித்துடிப்பு எனக்கு அத்துப்படி" என்றான். அவள் துணி மடித்துக்கொண்டே, "நம்ம வீட்டு மெஷின் ஒரு மாசமா ஒழுகுதே, அது தெரியுமா?" என்று கேட்டாள்.

இரண்டாவது ஞாயிறும் அதே ஐந்து பெண்கள். ஆறு மணி வாக்கில் லேப்டாப்பின் சார்ஜர் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டிவிட்டு எழுந்தவன், திரைக்குள் மறுபடி புகுந்துகொள்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் ஆட்களைப் பார்த்தான். ஐவரில் ஒருத்தி ஆடியபடியே கவுண்டர் பக்கம் திரும்பி, போதுமா என்று புருவத்தால் கேட்டாள். கவுண்டரிலிருந்து தங்கச்சி இரண்டு கையாலும் கும்பிட்டு, இன்னும் ஒரே ஒரு பாட்டு என்று விரலைக் காட்டினாள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி ஆடினாள். மேசைகளில் இருந்த மற்றவர்கள் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். ரேடியோவுக்குக் காது மடல் சுட்டது.

எட்டு மணிக்கு, காலி பாட்டில் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்வாசலில் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டான்.

"யாருடீ அந்த அஞ்சு பேரு?"

"பக்கத்து சலூன்ல வேல பாக்கறவங்க. என் ஃப்ரெண்ட்ஸ்தான்."

"எதுக்கு வந்தாங்க?"

"ஆடத்தான். நான்தான் கெஞ்சிக் கூட்டியாந்தேன். மொத நாளே ஒருத்தரும் எழுந்திரிக்கலன்னா நீ ஒடஞ்சு போயிருவன்னு பயமா இருந்துச்சு."

"உன்ன யாரு கேட்டா? என் மானத்த வாங்கிட்டியே!"

"கேக்காமத்தான் செஞ்சேன், இப்ப என்ன? கத்தாத. அடுத்த வாரம் அவங்களுக்கு வேல இருக்கு, வர மாட்டாங்க. நீயாச்சு, முதலாளியாச்சு." பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "உன் பாட்டுல ஒரு கொறையும் இல்லண்ணா. நீ தலையையே தூக்க மாட்டேங்கற. அதான் கொற."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான். மூன்றாம் நாள் யார் வீட்டிலோ மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கோபம் வடிந்து வேறொன்று வந்தது. ஐந்து பேர் இரண்டு ஞாயிறு தங்கள் மாலையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இவள் எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்? இவனுக்காக இதுவரை யாராவது இப்படிக் கெஞ்சியிருக்கிறார்களா? அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி போன் போட்டான்.

"சரி, சொல்லு. நீ கவுண்டர்லேர்ந்து என்ன பாக்கற?"

அவள் காத்திருந்தவள்போல மளமளவென்று சொன்னாள். "கை பைக்குப் போச்சுன்னா கெளம்பப் போறாங்க. கிளாஸத் தள்ளி வெச்சுட்டு முன்னால குனிஞ்சாங்கன்னா பேச்சு சூடு பிடிச்சிருக்கு, அப்ப நீ கொறச்சுக்கோ. மேசைக்கு அடியில எங்கயாவது ஒரு கால் தாளம் போடும். அத விட்றாத. அப்புறம் முக்கியமான விஷயம். மூணு பாட்டு நல்லா ஆட விட்டு ஒரு மெதுவான பாட்டு போடு. தாகத்தோட எல்லாரும் கவுண்டருக்கு வருவாங்க. முதலாளி பாக்கறது அதத்தான். ஆட்டத்த இல்ல."

மூன்றாவது ஞாயிறு அவன் பட்டியலைக் கொண்டுபோகவில்லை. முதலாளி கவுண்டருக்கு எதிர் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டை வழக்கம்போல அதிர விட்டான். ஜன்னல் ஓரத்து மேசையில் இரண்டு கைகள் பையைத் தேடின. ஐயோ! சட்டென்று ஒலியைக் குறைத்து, அமைதியான பாட்டாக மாற்றினான். கைகள் பையை விட்டன. பேச்சு தொடர்ந்தது. ஒரு மணி நேரம் அவன் யாரையும் ஆட்டிவைக்க முயலவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை முகங்கள் இங்கே இருந்தனவா என்று அவனுக்கே ஆச்சரியம்.

ஐந்தரை மணிக்கு அந்தக் கால் கிடைத்தது. வலது கையில் மாவுக்கட்டு போட்டுத் தோளில் தொங்கவிட்டிருந்த ஒரு பெண். முகம் தோழியின் பேச்சில் இருந்தது, பாதம் மட்டும் தனியாகத் தாளம் போட்டது. ரேடியோ அந்தப் பாதத்துக்காகவே பாட்டு போட்டான். அடுத்ததில் முட்டி ஆடியது. அதற்கடுத்ததில் தோள். நாலாவது பாட்டில் அவள் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். ஒற்றைக் கையால் அவள் ஆடுவதைப் பார்த்து, இரண்டு கையும் நன்றாக இருந்தவர்களுக்கு ரோஷம் வந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கெஞ்சிக் கூட்டி வராதவர்கள்.

மூன்று பாட்டுக்குப் பின் மெதுவான ஒன்றைப் போட்டான். வேர்த்து விறுவிறுத்த கூட்டம் அப்படியே கவுண்டரில் மொய்த்தது. முதலாளி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். மறுபடி வேகப் பாட்டு, மறுபடி ஆட்டம். ஒரு மேசையிலும் ஆள் இல்லை. பாஸ் பண்ணிவிட்டோம் என்று ரேடியோவுக்குத் தெரிந்துவிட்டது. மனசு நிறைந்து தங்கச்சியைத் தேடினான்.

கவுண்டரில் அவளைக் காணோம். எக்கிப் பார்த்தான். கவிழ்த்துப் போட்ட பாட்டில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். வீங்கிய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டபடி கண்ணை மூடியிருந்தாள். எல்லாரும் ஆடும்போது கவுண்டருக்கு யாரும் வருவதில்லை. அவள் உட்காருவதற்கு இருப்பது அந்த நேரம் மட்டும்தான். கவுண்டருக்குப் பின்னால் நாற்காலி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதும் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

மூன்றாவது பாட்டு முடியப்போகிறது. அடுத்து மெதுவான பாட்டு. அவன் விரல் அதன்மேல் இருந்தது. அதைப் போட்டால் நிமிஷத்தில் அவள் எழுந்து நிற்க வேண்டும். விரலை எடுத்துவிட்டு இன்னொரு வேகப் பாட்டைப் போட்டான். அது முடியும்போது இன்னொன்று.

முதலாளி எழுந்து வந்தார். "என்னப்பா, மறந்துட்டியா? எல்லாரும் தாகத்துல நிக்கறாங்க. அனுப்பி வை."

மன்னிச்சுக்குங்க சார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"மறக்கல சார். தங்கச்சி உக்காந்திருக்கா. இன்னும் ரெண்டு பாட்டு அவ உக்காரட்டும். அதுக்கப்புறம் நீங்க போன்னு சொன்னா போயிடறேன்."

முதலாளி அவனை முறைத்தார். பிறகு கவுண்டரை எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பதினோரு வருஷம் அவளுக்குச் சம்பளம் கொடுத்த மனுஷன் அவள் பாதத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். போய், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நுழைந்தார். தங்கச்சி பதறி எழுந்து ஒற்றைச் செருப்பை மாட்டினாள். அவர் நாற்காலியைப் போட்டு, "உக்காரும்மா. ரெண்டு பாட்டுக்கு நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் நம்பாமல் நின்று, பிறகு உட்கார்ந்து, முதுகைச் சாய்த்தாள்.

எட்டு மணிக்கு அண்ணனும் தங்கச்சியும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். முதலாளி அவனை அடுத்த ஞாயிறும் வரச் சொல்லிவிட்டார்.

"வேல போயிருந்தா என்ன பண்ணியிருப்ப? பைத்தியம்" என்றாள் தங்கச்சி.

"போனா போகட்டும்னுதான் சொன்னேன். தேங்க்ஸ்டீ."

"அய்ய, என்ன புதுசா? எனக்குப் போய் தேங்க்ஸ் சொல்லிக்கிட்டு."

"இத்தன நாள் சொல்லல, அதான் தப்பு. நீ நின்னுக்கிட்டே எனக்கு இடம் வாங்கிக் குடுத்திருக்க. எனக்கு அது தெரியவே இல்லடீ."

கொஞ்ச தூரம் போனதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாற்காலில முதுகு சாஞ்சேன் பாரு, அழுகையே வந்துருச்சுண்ணா" என்றாள்.