மிச்ச ஃபிலிம்

ஒரு ரோலில் முப்பத்தாறு படம். ஸ்டாம்ப் சைஸுக்கு வந்து உட்காருகிறவர்களை எல்லாம் எடுத்து முடித்தால் கணக்கு முப்பத்துமூன்றிலோ முப்பத்துநான்கிலோ வந்து நின்றுகொள்ளும். நாளைக் காலையில் படம் வேண்டும் என்று நாலு பேர் உயிரை எடுப்பார்கள். ரோலைக் கழுவியே ஆகவேண்டும். வேறு யாராவது என்றால் சுவரைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ரோலைச் சுற்றிவிடுவார்கள். ஸ்டுடியோ அக்காவுக்கு மட்டும் அதற்கு மனசு வராது.

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவாள். எதிரே மெயின் ரோட்டுக்குப் போகிற சந்து. யார் போகிறார்களோ அவர்களை எடுத்து ரோலை முடிப்பாள். திருப்பத்தில் பீரோவைச் சிக்கவைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளும் இரண்டு பேர். தையல் மிஷினின் தலையைத் தோளில் குழந்தை மாதிரி சாய்த்துத் தூக்கிப்போகும் தையல்காரர். முழங்கால் மழைத்தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போகிறவர்கள். யாரும் கேட்காத படம், யாரும் காசு கொடுக்காத படம். முப்பத்தெட்டு வருஷமாக எடுத்தாள். நெகட்டிவ் எல்லாம் நாற்பத்தொரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. "இந்த வீட்டுல பிஸ்கட் வாங்கினதே டப்பாவுக்காகத்தான், தின்னது எல்லாம் சும்மா பேருக்கு," என்பார் அவள் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் சும்மா இருக்காது.

அந்தச் சந்துக்குத்தான் வந்தது வினை. சந்தின் ஒரு பக்கம் முழுக்க கோடவுன்காரருடையது. போன வருஷம் மறுபக்கத்தையும் வாங்கிப்போட்டார். வாங்கின கையோடு நகராட்சிக்கு ஒரு மனு. இது பொதுவழியே இல்லை, தாத்தா காலத்திலிருந்து இங்கே சுவர்தான் இருந்தது, இருபது வருஷத்துக்கு முன்னால் நானே சுவரை இடித்து, போனால் போகட்டும் என்று ஜனங்களை நடக்கவிட்டேன், இப்போது இரும்புக் கேட் போடப் போகிறேன் என்று. எப்படி இருக்கிறது கதை! சந்துக்குப் பின்னால் பதினாறு வீடு, தையல்கடை, ஸ்டுடியோ. கேட் விழுந்தால் சாக்கடையைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் நடக்கவேண்டும். ஒரு ஸ்டாம்ப் சைஸ் போட்டோவுக்காக எந்த மகராசன் அப்படிச் சுற்றிக்கொண்டு வருவான்? கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அக்கா தெம்பாகத்தான் போனாள். சந்துப் படங்களாகப் பார்த்து நாற்பது பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. எந்த வருஷம்னு எங்கே எழுதியிருக்கு?"

அக்கா படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு உறையில்கூட அவள் தேதி போட்டதில்லை. வருகிறவர்கள் யார் தேதி சொல்லிக் கேட்டார்கள்? "அக்கா, அன்னிக்கு எடுத்தேனே" என்று வந்து நிற்பார்கள். அவள் முகத்தைப் பார்த்து உறையை எடுப்பாள். அதனால் உறை மேல் ஆளைத்தான் எழுதுவாள். 'இருமல் பெரியவர், ரெண்டு காப்பி.' 'கண்ணை மூடிக்கிற டீச்சர், ஆறு காப்பி.'

"போன வாரம் எடுத்துட்டு பழசுன்னு சொன்னா யாருக்குத் தெரியும் மேடம்," என்றார் கோடவுன்காரர். "ஃபிலிம் இன்னிக்கும் கடையில கிடைக்குதே."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். தேதிக்கு ஆதாரம் கொண்டு வாங்க," என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் தையல்காரர் பிடித்துக்கொண்டார். "இருமல், கண்ணுன்னு ஊர் வம்பு அத்தனையும் எழுதினீங்களே அக்கா, ஒரு வருஷத்தை எழுதக்கூடாதா?" அவர் சொன்னது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. தப்பு அவளுடையதுதான், வேறு யாரைச் சொல்ல?

வீட்டுக்காரர் அவளைத் தேற்றவெல்லாம் இல்லை. மறுநாள் காலையில் நாற்பத்தொரு டப்பாவையும் பரணிலிருந்து இறக்கி ஜன்னல் பக்கத்தில் அடுக்கினார். "உட்காரு. ஏதாவது ஒண்ணுல ஏதாவது மாட்டும்." மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அவர் டிக்கெட் கிழிக்கிற குரலில் உறையைப் படிப்பார், அவள் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடிப்பாள். 'தலை சீவாத மாப்பிள்ளை.' 'சம்பந்தியோட சண்டை போட்டவங்க, நாலு காப்பி.' நடுவில் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளுக்கும்தான். இந்த ஜனங்களையெல்லாம் இப்படிக் கட்டிக்காத்திருக்கிறோமே என்று முதல் தடவையாக அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவர் ஒரு உறையை எடுத்து, "அழுமூஞ்சி, ஒண்ணாங்கிளாஸ், மூணு காப்பி. கோடவுன் வீடு," என்று படித்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

"இருங்க," என்றாள் அக்கா. "அதைக் குடுங்க."

கடை திறந்த முதல் வருஷம் அது. ஸ்டூலில் உட்காரமாட்டேன் என்று கடையை இரண்டு பண்ணின பையன். கேமராவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை காட்டிய அம்மா. அக்கா ஃபிலிமை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் எண்கள். முப்பத்துமூன்றில் பையன் அழுகிறான். முப்பத்துநான்கில் இன்னும் நன்றாக அழுகிறான். முப்பத்தைந்தை இரண்டு தடவை பார்த்தாள். ஃபிலிமை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் ஃபிலிமைப் பார்த்தார்.

"அடி சக்கை," என்றார்.

வெள்ளிக்கிழமை சந்தே திரண்டு நகராட்சி அலுவலகத்தில் நின்றது. அக்கா ஒரே ஒரு படத்தை எடுத்துக் கோடவுன்காரர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"இது யாருன்னு தெரியுதா தம்பி?"

அவர் குனிந்து பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் முகம் மலர்ந்துதான் போயிற்று. "நான்தான். ஸ்கூல்ல சேர்த்தப்போ எடுத்தது. வீட்டுல இருக்கே இது."

"அப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"ஆறு."

"இப்போ?"

"நாப்பத்திநாலு. ஏன், அதுக்கென்ன இப்போ?"

"எழுதிக்குங்க மேடம். முப்பத்தெட்டு வருஷம்," என்றாள் அக்கா. பிறகு நெகட்டிவை எடுத்துக் கொடுத்தாள். "இது ஒரே துண்டு. வெட்டலை, ஒட்டலை. முப்பத்துமூணும் முப்பத்துநாலும் இவர். அடுத்ததைப் பாருங்க."

அதிகாரி எழுந்து ஜன்னலுக்குப் போனார். எண்களை விரல் வைத்துப் பார்த்தார். அக்கா அதற்குள் பெரிய பிரிண்டை மேஜையில் விரித்திருந்தாள். சந்து. எதிரே ஒருவர் வண்டி தள்ளிக்கொண்டு வருகிறார், இரண்டு பெண்கள் பையோடு ஒதுங்கி நிற்கிறார்கள். நட்டநடுவே ஒரு அம்மா நடக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதே சட்டையோடு, அழுத மூக்கோடு, கேமராவைத் திரும்பி முறைத்துக்கொண்டே போகிறான் பையன். சந்தின் அந்தக் கோடியில் மெயின் ரோடும் பாதி பஸ்ஸும் தெரிகின்றன.

"சுவர் இருந்த இடத்துல எப்படி நடந்தீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

கோடவுன்காரர் அந்தப் பெரிய படத்தைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து பார்த்தார்.

"சின்னப் புள்ள இல்லையா மேடம், சுவத்துக்குள்ள புகுந்து போயிருப்பாரு," என்றார் தையல்காரர். அறையே கொல்லென்று சிரித்தது. காகிதம் நீட்டிக்கொண்டிருந்த குமாஸ்தாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொதுவழி. கேட் போடக்கூடாது. பதினாறு வீட்டுக்காரர்களும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்த டப்பாவுல நாங்களும் இருக்கோமா அக்கா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். "எல்லாரும் இருக்கீங்க," என்றாள். தையல்காரர் முன்னால் வந்து, "அன்னிக்குச் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க," என்றார். "உன் உறையில என்ன எழுதியிருக்கேன்னு வந்து பாரு, அப்புறம் நீதான் மனசுல வச்சுப்பே," என்றாள் அக்கா.

படியிறங்கும்போது பின்னாலிருந்து கோடவுன்காரர் கூப்பிட்டார். வீட்டுக்காரர் சண்டைக்குத் தயாராகச் சட்டைக்கையை மடித்துக்கொண்டார். ஆனால் கோடவுன்காரர் கையில் அந்தப் பெரிய படம் இருந்தது. கட்டைவிரல், நடந்துபோகிற அம்மாவின் ஓரத்தில்.

"அக்கா... அம்மா தவறி ஒன்பது வருஷமாச்சு. உக்காந்து எடுத்த படம்தான் இருக்கு. இப்படி நடந்து போற மாதிரி எங்கிட்ட ஒண்ணும் இல்லை. ஒரு காப்பி கிடைக்குமா?"

ஒரு வாரமாக அவரைத் திட்டுவதற்கென்று அக்கா சேர்த்துவைத்திருந்தது எவ்வளவோ. அத்தனையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் அந்தப் படத்தை வாங்கி உறையில் போட்டாள்.

"மூணு காப்பியாவே போட்டு வைக்கிறேன்," என்றாள். "நாளைக்குச் சந்து வழியா நடந்து வந்து வாங்கிக்கோ."