காக்கா படம் போட்ட கேன்

சலோமிக்கு இடியாப்பம் பிழியவும் தெரியும், சைக்கிள் ஓட்டவும் தெரியும். இடியாப்பத்தைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் ஹாட்பாக்ஸ் வைத்த பை, இன்னொரு பக்கம் தேங்காய்ப்பால் தூக்குவாளி. பால் தளும்பினால் சைக்கிள் அந்தப் பக்கம் சாயும், சைக்கிள் சாய்ந்தால் பால் இன்னும் தளும்பும். காரைக்காலில் கிளம்பி வரிச்சிக்குடி போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்திருக்கும். எதிரே பஸ் வந்துவிட்டால் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓரத்து மண்ணில் இறங்கிவிடுவாள்.

சைக்கிள் மகள் ஜெர்லினுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அவள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள், சைக்கிள் இங்கேயே தங்கிவிட்டது. வரிச்சிக்குடியில் விடிந்ததும் வயலுக்கும் வேலைக்கும் ஓடுகிற வீடுகள் நிறைய. அந்த வீடுகள் இடியாப்பம் வாங்குவதால்தான் சலோமி வீட்டில் மதியம் உலை கொதித்தது.

அவள் புருஷன் அருளானந்தம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஊரில் பாதி இரும்பு கேட்டுகள் தன் கை பட்டவை என்று சொல்லிக்கொள்வார். பாதி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் கால்வாசி நிச்சயம் தேறும். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. கால் ஓரளவு திரும்பியது. கை திரும்பவில்லை. நாக்கும் குழறியது. அந்தக் குழறிய நாக்கில் முதன்முதலாகத் தெளிவாக வந்த வார்த்தையைச் சொல்லவே நமக்கு வாய் கூசுகிறது.

"நாந்தான் ஒனக்கு சனியன், சலோமி."

காப்பி கொடுத்தால் சொல்வார், குளிப்பாட்டினால் சொல்வார். "வாயக் கழுவுங்க" என்று அதட்டிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருவாள். எத்தனை தடவைதான் அதட்டுவது? கட்டிலும் சுவருமாக அவர் கிடந்தார். பட்டறையை மூடி, சாமான்களை ஒரு சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தார்கள். அந்தச் சாக்கை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் பாலைச் சாய்த்துக்கொண்டு விழுந்தேவிட்டாள். முட்டி சிராய்ந்து, காலியான தூக்கோடு திரும்பி வந்தாள். அருளானந்தம் சைக்கிளையே வெகுநேரம் பார்த்தார். மறுநாள் பழைய சாமான் கடை அஜ்மீரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அஜ்மீர் பட்டறைக் காலத்துச் சிநேகிதன். இரண்டு பெரிய பிளாஸ்டிக் எண்ணெய்க் கேன்களோடு வந்தான். "கெட்டியான சரக்குண்ணே. மேல ஏறி நின்னாலும் நசுங்காது" என்று தட்டிக் காட்டினான். காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

அன்றைக்குத்தான் கட்டிலுக்கடியிலிருந்து சாக்கு வெளியே வந்தது. கேனை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இடது கையிலேயே ஓட்டை போட்டார். மேல்பக்கத்தை மூன்று ஓரம் அறுத்து, நாலாவது ஓரத்தை அறுக்காமல் விட்டார். அது மூடியாகத் திறந்து மூடிற்று. உடைந்த வாளிகளின் கம்பிப் பிடியை வளைத்துக் கேரியரில் மாட்டக் கொக்கி செய்தார். பழைய சைக்கிள் டியூப்பை நாடா நாடாவாக நறுக்கி, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். சலோமி பிடிக்கப் போனால் முறைத்தார். முதல் பெட்டி பெடல் மிதிக்கும்போது குதிகாலில் இடித்தது. அதைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி கட்டினார். அடியில் அரிசிச் சாக்கை மடித்துப் போட்டார், பாத்திரம் ஆடாமல் இருக்க.

பெட்டி செய்த அத்தனை நாளும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. சலோமி அதைக் கவனித்தாள். வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

பெட்டி மாட்டிப் போன முதல் நாள் ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. பஸ்ஸுக்குக்கூட அவள் ஓரம் ஒதுங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து, "தேர் மாதிரி போவுதுங்க" என்றாள். அவர் பெட்டியை ஈரத்துணியால் துடைத்துச் சுவரோரம் வைத்தார். அதற்குப்பிறகு ஒவ்வொரு காலையும் மாட்டிவிடுவதும் திரும்பியதும் துடைப்பதும் அவர் வேலையாயிற்று. கிழவர் அதற்காகவே விடியுமுன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வாரமே வரிச்சிக்குடியில் ஏதோ மாறிற்று.

தையல்நாயகி வீட்டில் தினமும் வாங்குவார்கள். "இன்னிக்கு வேணாம்மா, பழையது கெடக்கு" என்றார்கள். அடுத்த வீட்டில் வயிறு சரியில்லையாம். அதற்கடுத்த வீட்டில் தோசைக்கு ஆட்டிவிட்டார்களாம். ஒரு தெருவுக்கே ஒரே நேரத்தில் வயிறு கெடுமா, மாவும் பொங்குமா? சலோமி வீட்டுக்கு வந்து தன் இடியாப்பத்தைத் தானே தின்று பார்த்தாள். உப்புச் சரியாக இருந்தது. அரிசியை மாற்றினாள். தேங்காயைக் கூட்டினாள். ஹாட்பாக்ஸ் பாதி நிறைந்தபடியே திரும்பி வந்தது.

கடைசியில் தையல்நாயகியின் மருமகள் விஷ்ணுப்ரியாதான், தண்ணீர்க் குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க இடியாப்பத்துல ஒண்ணுமில்ல. அந்தப் பெட்டிதான்."

"பெட்டிக்கு என்னம்மா?"

"அதுல காக்கா படம் போட்டிருக்கு பாருங்க. தீப எண்ணெய்னு எழுதியிருக்கு. திருநள்ளாத்துல விக்கிற எண்ணெய்க் கேனுக்கா அது. எங்க வீட்டுக்காரருக்கு ஏழரை நடக்குது. போன மாசந்தான் அங்க எண்ணெ தேச்சிக் குளிச்சி, கட்டியிருந்த வேட்டிய விட்டுட்டு வந்தாரு. அங்க விட்டதத் திரும்ப வீட்டுக்குக் கொண்டாரக்கூடாது. மொதல்ல எங்க அத்ததான் பாத்தாங்க. நீங்க அந்தக் கேன்லயே சாப்பாட்ட வச்சி வாசல்ல கொண்டாந்து நிறுத்துனா..." அவள் குடத்தைத் தள்ளி வைத்தாள். "எனக்கு அதெல்லாம் இல்லக்கா. பெரியவங்க இருக்குற வீடு."

சலோமி அப்போதுதான் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தாள். காக்கா கொழுகொழுவென்று அலகைத் திறந்துகொண்டு நின்றது. இத்தனை நாளும் அவள் கண்ணில் அது பட்டுக்கொண்டேதான் இருந்தது. வேதக்காரியான அவளுக்கும், துலுக்கர் வீட்டு அஜ்மீருக்கும், கேனின் உறுதியை மட்டும் பார்த்த அருளானந்தத்துக்கும் அது வெறும் காக்கா. பக்கத்து வீட்டுச் சாமியைப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரிதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் மிதித்தாள். வாசலில் அவர் ஈரத்துணியோடு காத்திருந்தார். "பால்... சிந்தலையே?" என்றார். எப்படிச் சொல்வது? ஏற்கெனவே தன்னைச் சனியன் என்று திட்டிக்கொள்ளும் மனுஷனிடம், நீங்கள் செய்த பெட்டியில் சனி உட்கார்ந்திருக்கிறது என்றா? "ஒரு சொட்டு சிந்தலைங்க" என்றாள். அது உண்மைதான். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

மாதா சிலை நிற்கும் கெபிக்கு அடித்தது போக மிச்சமிருந்த நீலப் பெயிண்டை மாதா கோயிலிலிருந்து கேட்டு வாங்கி வந்தாள். "அழகா இருக்கட்டுமேங்க" என்றாள். அவருக்கும் சந்தோஷம், இடது கையாலேயே அடித்தார். பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்குமா? நாலு வெயில் பட்டதும் செதில் செதிலாக உரிந்தது. மாதாவின் நீலத்துக்குள்ளிருந்து காக்கா மறுபடி எட்டிப் பார்த்தது. படமில்லாத வேறு கேன் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். அவர் முகம் சுண்டிவிட்டது. "இதுல... என்ன கொற?" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்று அதில் தவிட்டைக் கொட்டி வைத்தாள்.

பிறகு அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. காலையில் அவர் கண்முன்னால் பெட்டிகளோடு கிளம்புவாள். அஜ்மீர் கடையில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, பழையபடி ஹேண்டில்பாரில் பையையும் தூக்கையும் மாட்டிக்கொள்வாள். திரும்பும்போது பெட்டிகளை மாட்டிக்கொண்டு வீடு வருவாள். "அந்தக் கேன் கழுதைய நாந்தானக்கா கொண்டாந்தேன், எனக்குத் தோணலையே" என்று அஜ்மீர் தலையில் அடித்துக்கொண்டான். வரிச்சிக்குடியில் சில வீடுகள் மறுபடி வாங்கின. சில வீடுகள் கடைசிவரை வாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல்நாயகியே உடம்பு விசாரிக்க வந்தாள், சாத்துக்குடியோடு. மனசு உறுத்தியிருக்கும் போல. பெட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு, "ஒத்தக் கையால எவ்வளவு நேத்தியா செஞ்சிருக்கீங்க!" என்று மனதாரச் சொன்னாள். அருளானந்தம் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். சலோமிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எத்தனை நாள் ஓடும் இந்த நாடகம்? ஒரு காலை வரிச்சிக்குடித் திருப்பத்தில் பஸ்ஸுக்கு ஒதுங்கியவளைத் தூக்கு இழுத்துத் தள்ளியது. வலது முழங்கை பிசகிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அவளையும் சைக்கிளையும் சரக்கு ஆட்டோவில் ஏற்றி நேரே வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான். சைக்கிளில் பெட்டி இல்லை. ஹேண்டில்பாரில் பை தொங்கியது. சேலை முழுக்கப் பால்.

அருளானந்தம் வெற்றுக் கேரியரையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்தி கேட்டு ஓடிவந்த அஜ்மீர் பதற்றத்தில் இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றான். அவை சுத்தமாக, காலையில் துடைத்த மாதிரியே இருந்தன.

"கட்டு... நிக்கலையா?" என்றார் அருளானந்தம்.

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க."

"எத்தன நாளா?"

அவள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காக்காவை, ஏழரையை, குழாயடியை, பெயிண்ட்டை, ஒன்று விடாமல். மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.  அவள் முடித்ததும் அவர் மெதுவாகச் சிரித்தார். 

"நல்லா... கத கட்டுற."

"கதை இல்லைங்க! மாதா சத்தியமா! அஜ்மீரக் கேளுங்க."

"ஆமாண்ணே" என்றான் அஜ்மீர். அவன் பேச்சை அவர் காதில் வாங்கவில்லை. அவனும் சேர்ந்து ஆறுதல் சொல்கிறான், வேறென்ன செய்வான்?

"தையல்நாயகி... வந்து பாத்து... நேத்தின்னு சொன்னாங்க."

"அவங்க ஒங்களுக்காகச் சொன்னாங்க."

"நீயும் சொன்ன. தெனம்... தேர் மாதிரின்னு."

 இத்தனை நாளும் சொன்ன பொய்யையெல்லாம் நம்பியவர், இன்றைக்குச் சொன்ன நிஜத்தை நம்பவில்லை.

அவர் கீழே உட்கார்ந்து ஒரு பெட்டியைக் காலிடையில் இழுத்து வைத்துக்கொண்டார். அதைப் பிரித்துப் போட, கொக்கியைப் பிடித்திருந்த டியூப் முடிச்சை இடது கையால் அவிழ்க்கப் பார்த்தார். அசையவில்லை. நகத்தால் நெம்பினார். குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். அப்போதும் இளகவில்லை.

"பாருங்க! நீங்களே பாருங்க, எவ்வளவு கெட்டியா இருக்கு!" சலோமி வாய்விட்டு அழுதாள். "இதப் போயி நிக்கலங்கிறீங்களே!"

அவர் நிமிரவில்லை. உதட்டோரம் டியூப்பின் கறுப்பு ஒட்டியிருந்தது.

"கத்திய எடு, சலோமி."

குழறாமல், திக்காமல் சொன்னார். அவள் அஜ்மீரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சலோமி எழுந்துபோய், பிசகாத கையால் கத்தியை எடுத்துவந்து கொடுத்தாள்.