கரியே போதும்

ஞானசிங்குக்கு மூடிவைத்த எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் பாய்லருக்கு விறகு தள்ளியே தலை நரைத்தவர். ஒரு சீசனில் ஆவிக் குழாய் வெடித்து, பக்கத்தில் நின்ற சிட்டிபாபு வெந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து பிரஷர் குக்கர் விசில் அடித்தால்கூட வாசலுக்குப் போய்விடுவார். வீட்டில் சமையல் கேஸ் வந்த பிறகும் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். திறந்த நெருப்பென்றால் மட்டும் அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு மகன் ஜாபேஸ் பெங்களூரிலிருந்து காரில் ஒரு கேஸ் கிரில்லைக் கொண்டுவந்து இறக்கினான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தங்கை கேசியாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குப் பின்கட்டில் கோழி சுட்டுப் போடுவதாக ஏற்பாடு. கேசியாவின் புருஷன் குவைத்தில் இருந்தான்; லீவு கிடைக்கவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், இரண்டு முறை உண்டாகிக் கலைந்து, சபையே முழங்கால் போட்டு ஜெபித்துப் பெற்ற குழந்தை அது. ஞானசிங் அந்தக் குழந்தையைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

கிரில்லைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"உள்ள பச்ச ஒடம்புக்காரி படுத்துக்கினு இருக்கா. கைக்கொழந்த இருக்குது. இந்த பாம வூட்டாண்ட வெக்காத."

புகையே வராது நைனா, திருகினால் எரியும், திருகினால் அணையும் என்று ஜாபேஸ் எடுத்துச் சொன்னான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலியும் செய்துபார்த்தான். கிழவர் அசையவில்லை.

"கரி நான் சொன்னா கேக்கும். அது யார் சொன்னா கேக்கும்?"

கிரில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. மறுநாள் பாதியாய் வெட்டிய தார் டின்னில் ஒரு மூட்டை கரியைக் கொட்டி அவரே விசிறினார். போதகர் உட்பட எல்லோரும் கை நக்கிச் சாப்பிட்டார்கள். கரியில் சுட்ட ருசி கேஸில் வராது என்று நாலு பேர் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைக்கு ஜெமிமா என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்தி முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. மார்கழி மழை, ஊசி மாதிரி குளிர்.

குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட, ஞானசிங்கின் மனைவி தபீதாள் ஒரு கரண்டி தணல் கேட்டாள். டின்னில் இன்னும் அத்தனை தணல் கிடக்க, அதை மழைக்கா கொடுப்பது என்று அவருக்குத் தோன்றியது. இரும்புச் சட்டி நிறைய வாரினார். பொடிப்பொடியாய்ச் சிவந்து, துளிப் புகை இல்லாத தணல். புகை இல்லாத நெருப்பு சுத்தமான நெருப்பு என்பது பாய்லர்காரர் கணக்கு. கட்டிலுக்கடியில் இருக்கட்டும், அறை கதகதப்பாக இருக்கும் என்று கொடுத்தனுப்பினார்.

தபீதாள் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இப்படித்தான் தணல் வைத்தாள். அது ஓட்டு வீடு. ஓட்டிடுக்கில் வானமே தெரியும். இப்போது கேசியா படுத்திருந்தது குவைத் பணத்தில் கட்டிய ஏசி அறை. கண்ணாடி ஜன்னலை இழுத்துவிட்டால் எறும்புகூட நுழையாது. இந்த வித்தியாசம் அந்த வீட்டில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

சாம்பிராணி போட்டு முடிந்ததும் கேசியா தலை வலிக்கிறது, கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும் என்றாள். சாரல் காற்று பட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஞானசிங் மறுத்தார். கதவைச் சாத்தினார். கீழே விரற்கடை இடைவெளியில் குளிர் ஓடுவது காலில் பட்டது. தோளிலிருந்த பச்சைக்கரைத் துண்டை உருட்டி அதில் அடைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கதவுக்கு முன்னால் காவல் உட்கார்ந்தார்.

குழந்தையைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். டீ நேரத்தில் தபீதாள் எழுப்பப் போனபோதும் தடுத்தார். ராத்திரியெல்லாம் தூங்காதவள், நன்றாகத் தூங்கட்டும் என்றார். பிள்ளை பாலுக்குக்கூட அழவில்லையே என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அவரைத் தள்ளிவிட்டுக் கதவை அழுத்தினாள். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே கேசியா கதவை ஒட்டிக் குப்புற விழுந்து கிடந்தாள்.

ஜாபேஸ் ஓடிவந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். இருவரையும் ஏற்றிய கார் தெருமுனை திரும்புமுன்பே குழந்தை சில்லிட்டிருந்தது. கேசியாவை வேலூர் ஆஸ்பத்திரி வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அடைத்த அறையில் கரித் தணல் இருந்தால் விஷக்காற்று சேரும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை என்றார் டாக்டர். தணல் வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் கேட்டேன், நான்தான் வைத்தேன் என்றாள் தபீதாள். ஞானசிங் பக்கத்தில்தான் நின்றார். டாக்டர் அதைக் குறித்துக்கொள்வதைப் பார்த்தார்.

அடக்கத்தன்று உறவுக்காரர்கள் பேச்சு அவள் தலையில்தான் விழுந்தது. நாலு பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று காதுபடவே கேட்டார்கள். அவள் சோறு உண்பதை விட்டாள். ஜாபேஸ் பெட்டி பிரிக்காத கிரில்லைக் காரில் ஏற்றிவைத்தான். ஞானசிங்குக்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது. அதற்கும் தைரியம் வரவில்லை.

கேசியா வீடு திரும்பிய அன்று கூடத்தில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவள் நேரே அந்த அறைக்குப் போனாள். கதவு மூலையில் கண்ணாடித் தூளோடு துண்டு கிடந்தது. அதை எடுத்து உதறி, நாலாய் மடித்து, நைனாவை உள்ளே கூப்பிட்டாள்.

"இது உன்னுதுதான?"

அவர் தலையாட்டினார்.

"எழுந்து நிக்க முடியல நைனா. தவழ்ந்துக்கினு வந்தேன். கதவுக்குக் கீழ காத்து வரும்னு மூஞ்சிய வெச்சேன். இதான் இருந்துச்சு. இழுக்கக் கையில தெம்பு இல்ல."

கிழவர் மகளிடம், அம்மா என்று ஆரம்பித்தார். அவள் துண்டை அவர் கையில் வைத்தாள்.

"என்னாண்ட சொல்ல வேணாம். அங்க அம்மா தலையைக் குனிஞ்சிக்கினு உக்காந்திருக்குது பாரு. அத்தினி பேர் முன்னால சொல்லு."

ஞானசிங் துண்டைத் தோளில் போடாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போனார். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.