பன்னிரண்டில் கேது

எங்கோ ரோமாபுரியில் ஒரு பாதிரியாருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதனால் நாவலப்பிட்டி தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் என் கல்யாணம் நிற்கும் என்று யார் கண்டது?

கம்பளை ஜோசியர் வீரசிங்கம்தான் ஆரம்பித்து வைத்தார். அந்தப் பாதிரியாரின் ஜாதகத்தைக் கணித்து, ஃபேஸ்புக் நேரலையில் விளக்கினார். "பன்னிரண்டுல கேது, அத குரு பாக்குறாரு. மகான் ஆகாம வேற என்ன ஆவாரு?"

என் அம்மா சுப்பம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் ஜாதகத்திலும் அதே கட்டம்! நேரலை ஓடும்போதே அவருக்குப் போன் போட்டு, ஊரே கேட்க அதைச் சொல்லிவிட்டாள்.

"அப்ப ஒங்க மக நிஷாந்தினி குடும்பத்துல நிக்காதும்மா. கையெடுத்துக் கும்புட வேண்டிய பொண்ணு!" என்றார் அவர்.

ஊரோடு சேர்ந்து பிரதீஸின் அம்மா புஷ்பமும் கம்பளையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பிரதீஸும் பல்லேகலயில் ஒரே கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறோம், காதலிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். "சாமியாரா போற பொண்ணு நமக்கு வேணாம்" என்று புஷ்பம் நிறுத்திவிட்டார்.

லயத்துச் சனம் என்னை விடுமா? எலுமிச்சம்பழமும் தேங்காயுமாக வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளைக்குத் திருநீறு போடச் சொன்னார்கள், லொத்தர் சீட்டுக்கு நம்பர் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. அம்மா எல்லோருக்கும் பூரிப்போடு பிளேன்டீ ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால், புஷ்பம்! கையில் தேங்காய்த் தட்டு.

"அம்மா, எம் மகன் ஒங்களையே நெனச்சுக்கிட்டு சோறு தண்ணியில்லாம கெடக்கான். அவனுக்கு நல்ல எடத்துல ஒரு பொண்ணு அமையணும். நீங்கதான் ஒரு வாக்கு சொல்லணும்" என்று முந்தானையை ஏந்தினார்.

திருநீறு போட்டுச் சொன்ன வாக்கை எங்கள் சனம் தட்டாது. அது எனக்கும் தெரியும், புஷ்பத்துக்கும் தெரியும். ஒரு கை திருநீறு எடுத்து முந்தானையில் போட்டேன்.

"ஆவணியில கல்யாணம் நடக்கும். பொண்ணு இந்தத் தோட்டத்துலதான் இருக்கு."

"யாரும்மா அது?"

"நான்தான்."

பக்கத்து வீட்டு காளிமுத்து மாமா, "வாக்கு வந்துருச்சு!" என்று ஒரு சத்தம் போட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா கையிலிருந்த டீக் கேத்தலோடு திகைத்து நின்றாள்.

புஷ்பம் முந்தானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். "அப்ப தேதியையும் நீங்களே சொல்லிருங்கம்மா."

"மொதல்ல என்ன நீன்னு கூப்புடுங்க அத்த."

அவர் தயங்கித் தயங்கி என் கன்னத்தைத் தொட்டார். "நிஷாந்தினி... நீ சாப்புட்டியா?"

நேரலை ஓடிய நாளிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.