கேள்விப் பெட்டியில் ஒரு ‘சாப்பிட்டியா’

1

இந்தக் கதையில் பாதிதான் எனக்குக் கிடைத்தது. மலேசியாவின் குளுவாங் ஊரில், கோயில் அன்னதானத்தன்று வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் தன் தொழிற்சாலையில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் சாம்பார் வாளி வந்துவிட்டது. அவர் எழுந்து பரிமாறப் போனார். பிறகு கண்ணில் படவில்லை. மீதியை நான்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘நவீனத் தொழில்நுட்பம் மனித உறவுகளை எவ்வாறு…’

இது மேடைப் பேச்சு. வேண்டாம். அடுத்தது:

‘மழை பெய்துகொண்டிருந்தது. கிருஷ்ணகுமாரி ஜன்னலோரம்…’

அவள் அறைக்கு ஜன்னலே கிடையாது. பேசாமல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

கிருஷ்ணகுமாரி ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பயிற்சி அதிகாரி. முன்பெல்லாம் புதிதாக வருபவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துத் திரையில் பாடம் காட்டுவார்கள். ஏர்கோன் குளிரில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். அதை மாற்றியவள் இவள். வேலை தெரிந்தவர்களே கைப்பேசியில் சின்னச் சின்ன வீடியோ எடுத்துத் தொழிற்சாலையின் செயலியில் போட வேண்டும். மற்றவர்கள் பார்த்துப் பழகலாம், லைக் போடலாம், கீழே உள்ள பெட்டியில் கேள்வி கேட்கலாம். கேள்விகள் அவள் கணினிக்கு வரும். பதில் போடாத கேள்வி வெள்ளிக்கிழமை மாலை தானாகவே மேலாளர் ஹேமநாதனுக்குப் போய்விடும்.

(ஹேமநாதனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நல்ல மனிதர். ஆனால் பதில் இல்லாத கேள்விகளைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெரிய திரையில் போட்டு, சத்தமாக வாசிப்பார். அதனால் எல்லாரும் கற்றுக்கொள்வார்கள் என்று நம்புகிறார்.)

அதிகம் பேர் பார்த்த வீடியோ கவினுடையது. இயந்திரத்தில் பெட்டி சிக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் காட்டுவான். “அவசரப்படாதீங்க லா. மொதல்ல செவப்பு பட்டன். மிஷின் நிக்கட்டும். அப்பறந்தான் கை.” கவின் இப்போது இங்கே இல்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

ஒரு புதன்கிழமை காலை அந்த வீடியோவின் கீழ் ஒரு கேள்வி வந்திருந்தது.

‘சாப்பிட்டியா?’

கேட்டவர் பெயர்: புஷ்பவள்ளி, பேக்கிங் பிரிவு. கவினின் அம்மா.

3

கேன்டீனில் புஷ்பவள்ளி தனியாக உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணகுமாரி தட்டோடு போய் எதிரே உட்கார்ந்தாள்.

“புஷ்பாக்கா, ஆப்புல என்னமோ எழுதியிருந்தீங்க.”

“அலமாக். அது உங்களுக்கும் வருமா?”

“எனக்கு எல்லாமே வரும்க்கா.”

“யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. அவனுக்குத்தான் எழுதினேன். வாட்ஸ்அப்ல என்னைய பிளாக் பண்ணிட்டான். பேஸ்புக்லயும் அதேதான். இத மட்டும் மறந்துட்டான் போல.” சிரித்துக்கொண்டார்.

“என்னக்கா சண்டை?”

“சிங்கப்பூர் போறேன்னு நின்னான். போனா இந்த வாசப்படிய மிதிக்காதன்னு சொல்லிட்டேன். பொறந்ததுலேருந்து நான் சொன்னது ஒன்னு கேட்டதில்ல. இத மட்டும் கேட்டுக்கிட்டான்.”

கிருஷ்ணகுமாரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“அவன் வீடியோதான? அவன்கிட்டதான போகும்?” என்று கேட்டார் புஷ்பவள்ளி. “பதில் போட்டா கீழயே வருமா, வேற எங்கயாச்சும் போய்ப் பாக்கணுமா?”

இந்த இடத்தில்தான் சாம்பார் வாளி வந்தது.

4

இனி என் பாடு.

முதல் முடிவை ஒரே மூச்சில் எழுதினேன். கிருஷ்ணகுமாரி மேலே போய், கணினியைத் திறந்து, ‘சாப்பிட்டேன்மா. நீங்க?’ என்று அடித்தாள். கீழே பேக்கிங் பிரிவில் ஒரு கைப்பேசி ஒலித்தது. புஷ்பவள்ளி அதை எடுத்து

இங்கே நிறுத்திவிட்டேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று மாலை விளக்கேற்றும்போது கை கூசியது. ஒரு தாயின் மகிழ்ச்சியைப் பொய்யில் கட்டிக் கொடுத்தால், நாளைக்கு அவர் இன்னொன்று கேட்பார். தீபாவளிக்கு வருவாயா என்று கேட்பார். கிருஷ்ணகுமாரி அப்போது என்ன அடிப்பாள்?

இரண்டாவது முடிவில் அவள் உண்மையைச் சொன்னாள். “அக்கா, அது கவினுக்குப் போகாது. எனக்குத்தான் வரும்.” புஷ்பவள்ளி, “ஓ, பரவால்ல லா” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடினார். சோறு அப்படியே இருந்தது. பொய் இல்லைதான். என்றாலும், அந்த டப்பாவை மூடவைத்த கை என்னுடையது. அதையும் அழித்தேன்.

5

கிருஷ்ணகுமாரி என்னைவிடப் பொறுமைசாலி. “பாத்துட்டு சொல்றேன்க்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள். பேஸ்புக்கில் கவின் அவளுடைய நட்பு வட்டத்தில் இன்னும் இருந்தான்.

‘தம்பி, உன் வீடியோவுக்கு ஒரு கேள்வி வந்திருக்கு. எடுத்தவங்கதான் பதில் சொல்லணும். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம்.’

(அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு என்று வைத்துக்கொள்வோம். கதை எழுதுகிறவனுக்கு இறைவன் கொடுத்திருக்கும் அதிகாரம் அவ்வளவுதான்.)

உடனே பதில் வந்தது. ‘கேட்டது யாருக்கா? எத்தன தடவ கேட்டாலும் செவப்பு பட்டன்தான் லா.’

அவள் அந்தக் கேள்வியைப் படமெடுத்து அனுப்பினாள். பார்த்துவிட்டான் என்று காட்டியது.

பிறகு: ‘அவங்க எப்படி இருக்காங்க?’

‘அதையும் நீயே கேளு. நீ எழுதி அனுப்புறத அப்படியே பெட்டில போடுறேன். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்.’

கவின் எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் மூன்று புள்ளிகள் தோன்றின. மறைந்தன. மறுபடி தோன்றின.

6

அவன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று பதில்களை எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவன் என்னைப் போலவே பேசுகிறான். ஒரு பிள்ளை தன் தாய்க்குச் சொல்ல வேண்டியதை, இலை துடைக்கும் இடத்தில் காதில் விழுந்ததை வைத்து நான் சொல்லிவிடக் கூடாது.

ஆகவே நீங்கள் எழுதுங்கள். நீங்களும் யாருக்காவது பிள்ளைதான். பெட்டி வெள்ளிக்கிழமை மாலைவரை திறந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி ஹேமநாதனின் பெரிய திரைக்குப் போய்விடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். சுருக்கமாக எழுதுங்கள். புஷ்பவள்ளி இன்று கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். என்ன வந்திருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் மாட்டார்.