எட்டு மூலைக் கூடம்

அந்த நூலகத்தைக் கட்டியவர் ஒரு கப்பல் வியாபாரி. தனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. விளக்கு வைத்தால் புத்தகத்துக்கு ஆபத்து என்று பயந்து, பகல் வெளிச்சத்திலேயே படிக்கும்படி எட்டு மூலைக் கூடமாகக் கட்டச் சொன்னார். சுவருக்கு ஒரு ஜன்னல், உச்சியில் கண்ணாடிக் கூண்டு. சூரியன் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு மேஜையில் வெயில் விழும். கூண்டைத் தாங்கிய எட்டு மர உத்திரங்கள் மூலைக்கு ஒன்றாகக் கிளம்பி நடுவில் வந்து கூடின.

அங்கே நூலகராக இருந்தவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. "கட்டடத்தையே கட்டிக்கிட்டா" என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கூரை ஒழுகத் தொடங்கியதும், இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டலாம் என்று நகராட்சியில் பேச்சு எழுந்தது. அவளுடைய தம்பி அங்கேதான் பொறியாளர். தன் தம்பி தன்னைக் கைவிடமாட்டான் என்று நம்பி, அவனையே பார்வையிட அனுப்பச் சொல்லி அவள் மனுப் போட்டாள்.

அவள் பின்தொடர, அவன் சுழல்படி ஏறி முதல் உத்திரத்தைத் தட்டினான். கணீரென்றது. அவளுக்கு உயிர் வந்தது. அடுத்ததன் நுனி சிமெண்டுப் பூச்சுக்குள் மறைந்திருந்தது. பூச்சைக் கொத்திவிட்டுத் திருப்புளியால் குத்தினான். அது பிடிவரை உள்ளே போயிற்று. ஈர மண்ணைப் போல மரம் உதிர்ந்தது. மற்ற உத்திரங்களும் அப்படித்தான்.

"யாருக்கா இங்க சிமெண்ட் பூசினது?"

"முன்னாடி ரிப்பேர் பண்ணினவங்க. ஒழுக்கு நிக்கும்னாங்க."

"சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும்க்கா. இவங்க மூக்கப் பொத்திட்டாங்க. தண்ணி உள்ளயே தங்கி மரம் அழுகிப் போச்சு."

"மாத்திடலாம்ல?"

"கழட்டினா சுவரு சாயும். விட்டா கூரை விழும்."

அவள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சரி பண்ணலாம்னு ஒரே ஒரு வரி எழுதுடா. உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"கீழ உக்காந்து படிக்கிறவங்க தலையில விழுந்தா என்னக்கா பண்றது?"

அவன் கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்தான். அந்த வாரமே கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். புத்தகங்கள் ஏதோ ஒரு கிடங்குக்குப் போயின. அவளையும் அங்கேயே மாற்றினார்கள். அவள் வேலைக்குப் போகவில்லை. தினமும் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் போய் நின்றாள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கூரை மொத்தமாக உள்ளே இறங்கியது. சேதி கேட்டதும் தம்பி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினான். திருட்டுத்தனமாக உள்ளே போயிருப்பாளோ என்ற பயம் அவனுக்கு. அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விழுந்துடுச்சுக்கா."

"தெரியும். பக்கத்து வீட்ல சொன்னாங்க. நீ சொன்னது சரிதான்."

"ரெண்டு வார்த்த திட்டிடுக்கா."

"எதுக்கு? நீ என்ன தப்புப் பண்ணின?"

அவன் கதவு நிலையில் சாய்ந்து விக்கி விக்கி அழுதான். இல்லாத புத்தகத்தைக் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் அவள் அவனைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து, மிச்சமிருந்த தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள்.